ஃபெலிக்ஸ் டெரெல்

ஃபெலிக்ஸ் டெரெல் (ஏப்ரல் 25, 1873 - பெப்ரவரி 22, 1949) பாக்டீரியாக்களைத் தாக்கி அழிக்கும் வைரசுகளைக் கண்டறிந்து, அவற்றுக்குப் பாக்டீரியோஃபேஜ் என்று பெயர் சூட்டிய நுண்ணுயிரியலாளர் ஆவார். பாக்டீரியாவைத் தின்பது என்பது இச்சொல்லின் பொருள். சுருக்கமாக ஃபேஜ் என்றும் வழங்கப்படுகிறது. எதிருயிர் மருந்துகள் புழக்கத்துக்கு வருவதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே, நோய்க்கிருமிகளை அவற்றின் இயற்கை எதிரியைக் கொண்டே அழிக்கும் மருத்துவ முறையை இவர் தொடங்கி வைத்தார். இந்தியாவில் காலராவுக்கு எதிராக இவர் 1927 ஆம் ஆண்டு மேற்கொண்ட ஆய்வுகள் இவரது வாழ்வின் முதன்மையான பணிகளுள் அடங்கும். ஃபேஜுக்கு எதிராகப் பாக்டீரியாக்கள் தம்மைக் காத்துக் கொள்ளும் ஆற்றலை முதன்முதலில் விரிவாகப் பதிவு செய்தவரும் இவரே. ஆயினும் அவ்வாற்றல் எவ்வாறு தோன்றுகிறது என்பதற்கு இவர் தந்த விளக்கம் பிற்காலத்தில் நிலைக்கவில்லை.

இளமையும் அலைந்த ஆண்டுகளும்

தாம் கனடாவின் மொண்ட்ரியால் நகரில் பிறந்ததாகவே டெரெல் கூறி வந்தார். பிற்கால ஆய்வாளர்கள் ஆவணங்களைத் தேடியபோது இவர் பாரிசில் பிறந்தவர் என்பது தெரிய வந்தது. இளமையிலேயே தந்தையை இழந்தார். பல்கலைக்கழகப் பட்டம் எதையும் இவர் பெறவில்லை. நுண்ணுயிரியலை நூல்களைப் படித்தும் வீட்டில் அமைத்த சிறு ஆய்வுக்கூடத்தில் சோதனைகள் செய்தும் தாமே கற்றுக் கொண்டார். பிற்காலத்தில் இவரை எதிர்த்தோர் பலர் இதைச் சுட்டிக் காட்டத் தவறவில்லை.

1897 ஆம் ஆண்டு குடும்பத்துடன் கனடாவுக்குச் சென்றார். மேப்பிள் மரச் சாற்றை நொதிக்க வைத்து மதுபானம் தயாரிக்கும் வழிகளை ஆராய்ந்தார். உடன்பிறந்தவருடன் சேர்ந்து முதலிட்ட சாக்லேட் தொழிற்சாலை நொடித்துப் போயிற்று. 1901 இல் குவாத்தமாலா நகரப் பொது மருத்துவமனையில் பாக்டீரியவியலாளராகச் சேர்ந்தார். பின்னர் மெக்சிக்கோவின் யுக்காட்டான் பகுதியில் கற்றாழை வகைத் தாவரம் ஒன்றின் கழிவிலிருந்து சாராயம் வடிக்கும் பணியில் ஈடுபட்டார்.

அங்கேதான் இவரது வாழ்க்கை திசை மாறியது. வெட்டுக்கிளிகள் கூட்டம் கூட்டமாக நோயுற்று இறந்து கிடப்பதை அறிந்து, அவற்றின் குடலிலிருந்து ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார். அதைப் பயிர்களின் மீது பரப்பினால் வெட்டுக்கிளிகளை அழிக்கலாம் என்று கருதி, அர்ச்சென்டினாவிலும் வட ஆப்பிரிக்காவிலும் அதற்கான முயற்சிகளில் ஈடுபட்டார். 1911 முதல் பாரிசின் பாஸ்டர் நிறுவனத்தில் ஊதியமின்றிப் பணியாற்றினார். வெட்டுக்கிளிப் பாக்டீரியாவை வளர்த்த தட்டுகளில் சில வேளைகளில் எதுவும் வளராத வட்டமான தெளிந்த புள்ளிகள் தோன்றியதை இக்காலத்தில் கவனித்ததாக இவர் பின்னர் எழுதினார்.

கண்டுபிடிப்பு

முதலாம் உலகப் போரின்போது, 1915 ஆம் ஆண்டு, பாரிசுக்கு அருகிலுள்ள மெசோன்-லஃபீத் என்னும் ஊரில் தங்கியிருந்த குதிரைப்படை வீரர்களிடையே சீதபேதி பரவியது. அதை ஆராயும் பொறுப்பு டெரெலுக்கு வந்தது. இவர் நோயாளியின் மலத்தை மிக நுண்ணிய பீங்கான் வடிகட்டியில் வடித்து, பாக்டீரியா ஏதுமற்ற வடிநீரைச் சீதபேதிப் பாக்டீரியா வளரும் குழாயில் சேர்த்துப் பார்த்தார். பாக்டீரியா நிறைந்து கலங்கியிருந்த குழாய் ஒரு நாள் முற்றிலும் தெளிந்து காணப்பட்டது. அதே நேரத்தில் நோயாளியின் உடல்நிலையும் தேறியதாக இவர் குறிப்பிட்டுள்ளார். தெளிந்த நீரில் ஒரு துளியைப் புதிய குழாயில் இட்டால் அதுவும் தெளிந்தது. எத்தனை முறை மாற்றினும் அவ்வாற்றல் குன்றவில்லை. பெருகக் கூடிய ஏதோ ஒன்று அங்கே இருக்கிறது என்றும், அது பாக்டீரியாவின் மேல் வாழும் கண்ணுக்குப் புலப்படாத ஒட்டுண்ணி என்றும் இவர் முடிவு செய்தார். இக்கண்டுபிடிப்பு 1917 செப்டம்பர் 10 அன்று பிரெஞ்சு அறிவியல் அவையில் வாசிக்கப்பட்டது.

இங்கிலாந்தைச் சேர்ந்த ஃபிரெடரிக் துவோர்ட் என்பவர் இதே நிகழ்வை 1915 இலேயே லான்செட் இதழில் விவரித்திருந்தார். எனினும் அதன் காரணம் குறித்து அவர் உறுதியான முடிவுக்கு வரவில்லை. 1919 க்கான நோபல் பரிசு பெற்றவரான சூல் போர்டே, ஃபேஜ் என்பது உயிருள்ள பொருளன்று, பாக்டீரியா தானே சுரக்கும் ஒரு நொதி என்று வாதிட்டார். இப்பூசல் பல ஆண்டுகள் நீடித்தது. 1940 வாக்கில் எதிர்மின்னி நுண்ணோக்கியில் ஃபேஜின் உருவம் தெரிந்த பின்னரே டெரெலின் கருத்து ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டது.

1919 ஆம் ஆண்டு பாரிசின் குழந்தைகள் மருத்துவமனையில், கடும் சீதபேதியால் பாதிக்கப்பட்ட 12 வயதுச் சிறுவனுக்கு முதன்முறையாக ஃபேஜ் கொடுக்கப்பட்டது. அதற்கு முன்பு டெரெலும் மருத்துவமனைப் பயிற்சி மருத்துவர்களும் அதைத் தாமே குடித்துத் தீங்கில்லை என்று உறுதி செய்து கொண்டனர். சிறுவன் பிழைத்தான். 1925 இல் எகிப்தின் கடல்சார் நலவாழ்வுத் துறையில் பணியாற்றியபோது, கப்பலில் வந்த நான்கு பிளேக் நோயாளிகளின் நெறிக்கட்டிகளில் ஃபேஜை நேரடியாகச் செலுத்தினார், நால்வரும் குணமடைந்தனர். இச்செய்தியே இவருக்கு இந்தியாவின் வழியைத் திறந்து விட்டது.

மீண்டும் கலங்கிய குழாய்

டெரெலின் கண்டுபிடிப்பில் தொடக்கத்திலிருந்தே ஒரு சிக்கல் இருந்தது. ஃபேஜ் சேர்க்கப்பட்ட குழாய் சில மணி நேரத்தில் தெளிந்து விடும். ஆனால் அதை அப்படியே விட்டு வைத்தால், ஒரு நாளிலோ சில நாட்களிலோ அது பெரும்பாலும் மீண்டும் கலங்கும். அதில் வளர்ந்திருக்கும் பாக்டீரியாவை எடுத்து அதே ஃபேஜைச் சேர்த்தால் எதுவும் நிகழாது. கோடிக்கணக்கானவை மடிந்த இடத்தில் தப்பிய சிலவற்றின் வழித்தோன்றல்கள் இவை.

இவர் இதை மறைக்கவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. 1921 இல் வெளிவந்த தமது முதல் நூலிலும் அடுத்து வந்த நூல்களிலும் இவ்வெதிர்ப்பு ஆற்றலை விரிவாக ஆராய்ந்தார். எதிர்ப்புப் பெற்ற பாக்டீரியாக்கள் சில வேளைகளில் வழவழப்பான உறையைப் போர்த்திக் கொள்வதையும், அவற்றைச் சாதாரணமாகக் கட்டியாக்கும் ஊநீருக்கு அவை கட்டுப்படாது போவதையும் எடுத்துக் காட்டினார். மனிதன் அம்மையிலிருந்து மீண்டு நோய் எதிர்ப்பைப் பெறுவது போலவே, பாக்டீரியாவும் ஃபேஜின் தாக்குதலைத் தாங்கி எதிர்ப்பைப் பெறுகிறது என்பது இவரது கொள்கை. ஃபேஜும் தன் வீரியத்தைக் கூட்டிக் கொள்ளும். எனவே நோயாளியின் குடலில் நடப்பது இரு உயிர்களுக்கிடையேயான போர். ஃபேஜ் வென்றால் நோயாளி பிழைப்பார், பாக்டீரியா வென்றால் இறப்பார் என்று இவர் கருதினார். ஆய்வுக்கூடத்தில் நெடுங்காலம் கிடந்த ஃபேஜ் பயன்படாது, நோயினின்று தேறியவரிடமிருந்து புதிதாகப் பிரித்தெடுக்கப்பட்ட வீரியமிக்க ஃபேஜே வேண்டும் என்று இவர் ஓயாது வலியுறுத்தியதன் காரணம் இதுவே. மருந்து தயாரித்து விற்ற நிறுவனங்கள் பலவும் இதைப் பொருட்படுத்தவில்லை.

இந்தியாவில் காலரா ஆய்வு

காலராவைக் கொல்லும் ஏதோ ஒன்று இந்திய ஆற்று நீரில் உண்டு என்பது டெரெலுக்கு முன்பே அறியப்பட்டிருந்தது. ஆக்ராவில் அரசு வேதியியல் ஆய்வாளராக இருந்த எர்னஸ்ட் ஹான்கின், கங்கை, யமுனை ஆறுகளின் நீர் காலராக் கிருமியை அழிப்பதாகவும், கொதிக்க வைத்தால் அவ்வாற்றல் நீங்குவதாகவும் 1896 இல் எழுதினார். அது ஃபேஜின் செயலாக இருக்கலாம் என்று பிற்காலத்தவர் பலர் கருதினர்.

பிரித்தானிய இந்திய அரசின் அழைப்பின் பேரில் வந்த டெரெல், 1927 இல் மலோன், லாகிரி ஆகியோருடன் சேர்ந்து பஞ்சாபில் காலரா பரவிய ஊர்களில் பணியாற்றினார். இரண்டு வகையான சோதனைகள் நடந்தன. முதலாவது, நோயாளிகளுக்கு ஃபேஜைக் குடிக்கக் கொடுப்பது. ஃபேஜ் பெறாதவர்களில் சுமார் 60 விழுக்காட்டினர் இறக்க, பெற்றவர்களில் இறந்தோர் 10 விழுக்காட்டுக்கும் குறைவு என்று இவர்கள் தெரிவித்தனர். இரண்டாவது சோதனை மேலும் துணிச்சலானது. ஊர்க் கிணறுகளிலேயே ஃபேஜை ஊற்றினர். இன்று நம் ஊராட்சிகளில் மழைக்காலத்தில் கிணற்றிலும் மேல்நிலைத் தொட்டியிலும் வெளுப்புத்தூள் இடுவதை ஒத்தது இது. ஆனால் வெளுப்புத்தூள் சில நாளில் தீர்ந்து போகும், ஃபேஜ் கிருமி இருக்கும் வரை பெருகிக் கொண்டே இருக்கும். ஃபேஜ் இடப்பட்ட ஊர்களில் நோய் விரைவில் நின்றதாக இவர் அறிவித்தார். இவ்வாய்வுகள் 1930 ஆம் ஆண்டு இந்திய மருத்துவ ஆய்வு வெளியீட்டு வரிசையில் நூலாக வந்தன.

டெரெல் இந்தியாவில் நெடுங்காலம் தங்கவில்லை. இவர் பரிந்துரைத்த ஈகோர் அசேசோவ் பாட்னாவிலும், சான் மோரிசன் சில்லாங்கில் இருந்த பாஸ்டர் நிறுவனத்திலும் பணியைத் தொடர்ந்தனர். அசாமின் நவ்காங் பகுதியில் ஃபேஜ் குப்பிகள் ஊர்த் தலைவர்களிடம் கொடுத்து வைக்கப்பட்டு, காலராவின் முதல் அறிகுறி தோன்றியதும் வழங்கப்பட்டன. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக அபிகஞ்சு பகுதி ஃபேஜின்றி விடப்பட்டது. நவ்காங்கில் இறப்புகள் வெகுவாகக் குறைந்ததாக மோரிசன் அறிவித்தார். ஒரு பகுதி மக்களுக்கு மருந்தைக் கொடுத்து மற்றொரு பகுதியினருக்குக் கொடாது விட்டமை இன்றைய அறநெறிப்படி ஏற்கத்தக்கதன்று. அறிவியல் நோக்கிலும் இச்சோதனைக்குக் குறைகள் உண்டு. இரு பகுதிகளின் நீர்நிலைகளும், மக்களிடம் முன்பே இருந்த நோய் எதிர்ப்பும் ஒரே மாதிரியானவை அல்ல. காலரா தானாகவே ஏறி இறங்கும் நோய். எனவே இறப்பு குறைந்தமைக்கு ஃபேஜ் மட்டுமே காரணம் என்று நிறுவ முடியவில்லை.

இந்த ஆய்வுகளின் நிலைத்த பயன் வேறோர் இடத்தில் கிடைத்தது. காலராவின் ஃபேஜ்கள் பலதரப்பட்டவை என்பதை அசேசோவும் உடனிருந்தோரும் கண்டனர். ஒரு ஃபேஜுக்கு எதிர்ப்புப் பெற்ற காலராக் கிருமியை மற்றொரு ஃபேஜ் அழித்தது. இதையே அளவுகோலாகக் கொண்டு ஃபேஜ்களுக்கு ஆங்கில எழுத்துகளால் பெயரிட்டு வகைப்படுத்தினர். கிருமி ஒரே நேரத்தில் பல தாக்குதல்களுக்கு எதிர்ப்புப் பெறுவது அரிது என்பதால், பல வகைகளைக் கலந்து கொடுக்கும் முறை வலுப்பெற்றது. பல மருந்துகளைச் சேர்த்துக் காசநோய்க்கு இன்று அளிக்கப்படும் சிகிச்சையின் அடிப்படையும் இத்தகையதே.

1930களின் நடுப்பகுதியில் இந்திய ஆய்வுகள் நின்று போயின. 1934 ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவக் கழகத்தின் இதழில் வெளிவந்த திறனாய்வு, ஃபேஜ் சிகிச்சைக்குப் போதிய சான்றில்லை என்றது. 1970 வாக்கில் டாக்காவில் மிகுந்த அளவு ஃபேஜ் கொடுத்துச் சோதித்தபோதும் அது டெட்ராசைக்கிளின் மருந்துக்கு ஈடாகவில்லை. அதற்குள் உப்பு, சர்க்கரைக் கரைசல் காலரா இறப்பைப் பெருமளவு குறைக்கத் தொடங்கியிருந்தது.

பிற்கால வாழ்வு

1928 முதல் 1933 வரை டெரெல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தார். பின்னர் தம் நண்பர் கியார்கி எலியாவாவின் அழைப்பை ஏற்றுச் சோவியத் சியார்சியாவின் திபிலீசி நகருக்குச் சென்று, அங்கிருந்த ஃபேஜ் ஆய்வு நிறுவனத்தை வளர்க்க உதவினார். அங்கே எழுதிய நூலொன்றை இசுட்டாலினுக்குக் காணிக்கையாக்கினார். 1937 இல் எலியாவா கைது செய்யப்பட்டுக் கொல்லப்பட்டார். டெரெல் அதற்கு முன்பே பிரான்சுக்குத் திரும்பியிருந்தார்; மீண்டும் அங்கே செல்லவில்லை. இரண்டாம் உலகப் போரின்போது செருமானியப் படையினரால் வீட்டுக் காவலில் வைக்கப்பட்டார். நோபல் பரிசுக்குப் பலமுறை பரிந்துரைக்கப்பட்டும் பெறவில்லை. 1925 ஆம் ஆண்டு நெதர்லாந்து அறிவியல் கழகத்தின் லேவன்ஃகூக் பதக்கம் பெற்றார். 1949 பெப்ரவரி 22 அன்று பாரிசில் கணையப் புற்றுநோயால் காலமானார்.

எதிர்ப்பு தோன்றும் விதம்

ஃபேஜைச் சந்தித்த பின்பே பாக்டீரியா எதிர்ப்பைப் பெறுகிறது என்ற டெரெலின் கொள்கையை 1943 இல் சால்வடோர் லூரியாவும் மாக்சு டெல்புருக்கும் சோதித்தனர். நடன நிகழ்ச்சி ஒன்றில் காசு போட்டு விளையாடும் சூதாட்டப் பொறியைக் கண்டபோது லூரியாவுக்கு இச்சோதனை தோன்றியது. சில பாக்டீரியாக்களைக் கொண்டு தனித்தனிக் குழாய்களில் வளர்ப்பைத் தொடங்கி, ஒவ்வொன்றையும் ஃபேஜ் பரப்பிய தட்டில் ஊற்றினர். ஃபேஜைக் கண்ட பின் எதிர்ப்பு உண்டாவதாயின் எல்லாத் தட்டுகளிலும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கையில் பாக்டீரியா தப்ப வேண்டும். மாறாக, பல தட்டுகளில் ஒன்றுமில்லை அல்லது மிகச் சில. ஓரிரு தட்டுகளில் நூற்றுக்கணக்கில் தப்பியிருந்தன. சூதாட்டப் பொறி பெரும்பாலும் ஒன்றும் தராமல் எப்போதாவது கொட்டுவதைப் போன்றது இது. அதாவது, ஃபேஜ் வருவதற்கு முன்பே, பாக்டீரியா பெருகும்போது தற்செயலாக ஏற்பட்ட மரபு மாற்றமே எதிர்ப்புக்குக் காரணம். ஃபேஜ் அதைக் கற்பிப்பதில்லை. அதைப் பெற்றிராதவற்றை அழித்து, பெற்றவற்றைத் தேர்ந்து விட்டுச் செல்கிறது.

இம்முடிவு சரியானது என்றாலும் கதை அத்துடன் முடியவில்லை. உட்புகும் ஃபேஜின் மரபிழையை வெட்டும் நொதிகள் பாக்டீரியாவில் இருப்பது பின்னர் கண்டறியப்பட்டு, 1978 இல் அதற்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது. 2007 ஆம் ஆண்டு, தயிர் போன்ற பால் பொருட்கள் தயாரிக்க உதவும் ஒரு பாக்டீரியாவை ஆராய்ந்தோர் மேலும் வியப்பான ஒன்றைக் கண்டனர். ஃபேஜின் தாக்குதலில் தப்பிய பாக்டீரியா, அந்த ஃபேஜின் மரபிழையில் ஒரு துண்டைத் தன் மரபிழையில் சேர்த்து வைத்துக் கொண்டு, அடுத்த முறை அதே ஃபேஜ் வந்தால் அடையாளங்கண்டு அழித்தது. கிரிஸ்பர் எனப்படும் இம்முறையைப் பொறுத்தவரை, தாக்கப்பட்ட பாக்டீரியா எதிர்ப்பைப் பெறுகிறது என்ற டெரெலின் கருத்து முழுத் தவறன்று எனலாம். இதிலிருந்து உருவான மரபணுத் திருத்தக் கருவிக்கு 2020 இல் நோபல் பரிசு கிடைத்தது.

டெரெல் போராடிய காலராக் கிருமியே இத்துறையின் சிறந்த எடுத்துக்காட்டுகளுள் ஒன்றாக இன்று விளங்குகிறது. டாக்காவில் நீர்நிலைகளில் காலரா ஃபேஜ் மிகுதியாக உள்ள காலங்களில் நோய் குறைவதை 2005 இல் வெளியான ஆய்வு காட்டியது. இது இவர் கூறியதற்கு ஒத்துப் போகிறது. அங்குள்ள நோயாளிகளிடம் 2001 முதல் தொடர்ந்து காணப்படும் ஐசிபி1 என்னும் ஃபேஜ், காலராக் கிருமியின் மேற்பரப்பிலுள்ள ஓ1 என்னும் சர்க்கரைச் சங்கிலியைப் பற்றிக் கொண்டே உள்ளே புகுகிறது. 1992 இல் சென்னையில் கண்டறியப்பட்டு மதுரை, வேலூர் முதலிய இடங்களிலும் பரவிய ஓ139 வகைக் காலராவிடம் இச்சங்கிலி இல்லை. எனவே அதை இந்த ஃபேஜ் பற்ற இயலாது.

சங்கிலியை இழக்காத கிருமிகளிலும் பல வேறொரு காப்பைக் கொண்டுள்ளன. பிஎல்இ எனப்படும் மரபணுத் தொகுதி, ஐசிபி1 நுழைந்தவுடன் விழித்தெழுந்து பெருகி, ஃபேஜ் தனக்கெனக் கட்டும் கூடுகளைத் தான் கைப்பற்றிக் கொள்கிறது. தாக்கப்பட்ட கிருமி இறந்து விடும். ஆனால் அதிலிருந்து ஒரு ஃபேஜும் வெளிவராது, அருகிலுள்ள கிருமிகள் தப்பும். 1949 ஆம் ஆண்டிலேயே சேகரிக்கப்பட்ட காலராக் கிருமிகளில் இத்தொகுதி காணப்படுகிறது. டெரெல் மறைந்த ஆண்டும் அதுவே. இதற்கு ஐசிபி1 அளித்த பதில் 2013 இல் வெளியிடப்பட்டது. பாக்டீரியாக்களின் கருவியான கிரிஸ்பரை அந்த ஃபேஜ் தானே பெற்று, அதைக் கொண்டு பிஎல்இ தொகுதியை வெட்டி அழிக்கிறது. கிணற்றில் ஊற்றப்படும் ஒரே வகை ஃபேஜ் ஏன் நெடுநாள் பயன்தராது என்பதையும், இயற்கையில் ஃபேஜ் ஏன் முற்றிலும் தோற்றுப் போவதில்லை என்பதையும் இக்கண்டுபிடிப்புகளிலிருந்து விளங்கிக் கொள்ளலாம்.

நினைவு

ஃபேஜ் குடும்பங்களுள் ஒன்றுக்கு எரெல்லிவிரிடே என்று இவர் பெயர் சூட்டப்பட்டுள்ளது. பாரிசில் ஒரு சாலை இவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. கனடாவின் கியூபெக் நகரிலுள்ள லாவல் பல்கலைக்கழகத்தில் ஃபெலிக்ஸ் டெரெல் ஃபேஜ் காப்பகம் இயங்குகிறது. அதன் பொறுப்பாளரான சில்வேன் மொய்னோ, 2007 ஆம் ஆண்டுக் கிரிஸ்பர் ஆய்வில் பங்கேற்றவர்களுள் ஒருவர் ஆவார்.